ஜன்னலோரச் சப்பாத்திக்கள்ளி: பெங்களூரு வீட்டுக்குள் வளர்ப்பது எப்படி?

பெங்களூரு வீடுகளில் சப்பாத்திக்கள்ளி தண்ணீர் இல்லாமல் சாவது அபூர்வம். வெளிச்சம் குறைந்த மூலையில் வைத்துவிட்டு, வெயிலில் நிற்கும் செடிக்கு ஊற்றுகிற அளவு தண்ணீரை அதற்கும் ஊற்றுவதால்தான் பெரும்பாலும் சாகிறது. நர்சரியில் 'இன்டோர் பிளான்ட்' வரிசையில் வைத்து விற்றாலும் இது ஜன்னல் செடிதான். டிவி ஸ்டாண்டிலும் புத்தக அலமாரியிலும் ஆறு மாதம் பச்சையாக நிற்கும். அது வளர்ச்சி இல்லை. மடலில் சேர்த்து வைத்ததைச் செலவழித்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். எனவே செடி வாங்கும் முன் எந்த ஜன்னலில் வைப்பது என்று முடிவு செய்யுங்கள்.

எந்த ஜன்னல்?

பெங்களூரு ஏறக்குறைய 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் 24, 25 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இந்த இரண்டு தேதிகளுக்கு நடுவே அது தலைக்கு வடக்கே சாய்ந்து போகும், மற்ற மாதங்களில் தெற்கே. இந்தக் கணக்கைப் பார்த்து வடக்கு ஜன்னலுக்கும் ஜூன், ஜூலையில் வெயில் கிடைக்குமே என்று தோன்றலாம். ஆனால் அந்த மாதங்களில்தான் இங்கே வானம் மூடிக் கிடக்கிறது. வடக்கு ஜன்னல் இந்தச் செடிக்கு ஆகாது.

தெற்கு ஜன்னலை நல்லது என்று பொதுவாகச் சொல்வார்கள். இங்கே அது பாதிதான் உண்மை. நம் வீட்டு ஜன்னல்களுக்கு மேல் ஒன்றரை, இரண்டு அடி சன்ஷேடு நீட்டியிருக்கும். மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை சூரியன் உச்சிக்கு அருகிலேயே போவதால் நண்பகல் வெயிலை அந்தச் சன்ஷேடு மறைத்துவிடும். டிசம்பரில் நண்பகல் சூரியன் சுமார் 54 டிகிரி உயரத்தில்தான் நிற்கும், அப்போது வெயில் உள்ளே விழும். ஆக தெற்கு ஜன்னல் அக்டோபர் முதல் மார்ச் வரைக்கும் சரி, வருடம் முழுவதற்கும் போதாது.

வருடம் பூராவும் நம்பக்கூடியது கிழக்கு. எதிர்க் கட்டடம் மறைக்காவிட்டால் காலையில் மூன்று நான்கு மணி நேர நேரடி வெயில் கிடைக்கும். அடுத்தது மேற்கு. மார்ச், ஏப்ரல் மாலை வெயில் கடுமையாகத் தெரிந்தாலும் பழகிய செடி தாங்கும். ஜன்னலுக்கு வெளியே பெட்டி கிரில் இருந்தால் அதுவே மிகச் சிறந்த இடம், மழைச்சாரலை மட்டும் கவனிக்க வேண்டும். கண்ணாடிக்கு உள்ளே வைப்பதானால் கண்ணாடியிலிருந்து ஒரு அடிக்குள் தொட்டி இருக்கட்டும். ஒரு மீட்டர் தள்ளி வைத்தால் வெளிச்சம் பல மடங்கு குறைந்துவிடும். நம் கண் இருட்டுக்குப் பழகிக்கொள்வதால் அது நமக்குத் தெரிவதில்லை. அபார்ட்மென்ட்களில் நிறம் பூசிய கண்ணாடியும் போடுகிறார்கள். அப்படியிருந்தால் பகலில் கதவைத் திறந்து வையுங்கள்.

வெளிச்சம் போதுமா என்பதைச் செடியே காட்டிக்கொடுக்கும். புதிதாக வரும் மடல் அகலமாக, தட்டையாக இருந்தால் போதும் என்று அர்த்தம். விரல் தடிமனில் நீண்டு, வெளிறி, ஜன்னல் பக்கம் வளைந்தால் போதவில்லை. அப்படி வளர்ந்த மடல் பிறகு எவ்வளவு வெயிலில் வைத்தாலும் அகலமாகாது. வெட்டி எடுத்துவிட்டு, இடத்தை மாற்றி, புது மடல் வர விடுவதுதான் வழி.

ஜன்னலே சரியில்லை என்றால் செயற்கை விளக்கு உதவும். 20 முதல் 30 வாட் வெள்ளை எல்இடி வளர்ப்பு விளக்கைச் செடிக்கு மேல் 25–30 செ.மீ. உயரத்தில் தொங்கவிட்டு, டைமர் பிளக் போட்டுத் தினமும் 12 முதல் 14 மணி நேரம் எரிய விடுங்கள். கூரையில் எரிகிற 9 வாட் பல்பு செடியைப் பொறுத்தவரை இருட்டுதான்.

எதை வாங்குவது?

லால்பாக் சுற்றியுள்ள சித்தாபுரம் நர்சரிகளில் 'கேக்டஸ்' என்று கேட்டாலே போதும். கன்னடத்தில் இதைப் பாபாஸ் கள்ளி என்பார்கள். வீட்டுக்குள் வைக்க ஏற்றது ஒபன்ஷியா மைக்ரோடேசிஸ். சின்னச் சின்ன முட்டை வடிவ மடல்களில் மஞ்சளாகவோ வெள்ளையாகவோ புள்ளிகள் இருக்கும். 'பன்னி இயர்' என்று விற்பது இதைத்தான். பெரிய முள் கிடையாது. ஆனால் அந்தப் புள்ளி ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான சுணைமுள் அடங்கிய கொத்து. குழந்தைகளும் பூனையும் இருக்கும் வீட்டில், பார்க்க மெத்தென்று இருக்கும் இதைவிட ஊசிமுள் நீட்டிக்கொண்டிருக்கும் வகை மேல் என்பது எங்கள் கருத்து. ஊசிமுள்ளைக் கண்டால் யாரும் தொடமாட்டார்கள்.

ஒபன்ஷியா மோனகாந்தாவில் பச்சையும் வெள்ளையும் கலந்த ஒரு வகை உண்டு. மெதுவாக வளரும், சிறிய தொட்டியில் பல வருடம் அடங்கி நிற்கும். வெள்ளைப் பகுதி வெயிலில் சீக்கிரம் கருகும், காலை வெயில் மட்டும் போதும். பழத்துக்காக வளர்க்கும் முள்ளில்லாத பெரிய மடல் வகை, ஒபன்ஷியா ஃபைகஸ்-இண்டிகா, மொட்டைமாடிச் செடி. ஜன்னலில் இரண்டு வருடம் தாங்கலாம், அதற்குமேல் இடம் கேட்கும். ஊர்ப்பக்கம் வேலியில், தரிசில் நிற்கிற, சிவப்புப் பழம் தரும் கள்ளியின் மடலை உடைத்து பஸ்ஸில் கொண்டுவர வேண்டாம். மடலோடு பூச்சியும் வரும்.

கடையில் மடலும் மடலும் சேரும் இடுக்குகளைப் பாருங்கள். வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருந்தால் வாங்காதீர்கள். அடிமடலைக் குச்சியால் லேசாக அழுத்திப் பாருங்கள், கல்லுப்போல இருக்க வேண்டும். செடியின் உச்சியில் காகிதம்போல ஒரு பூ இருந்தால் அது பசையால் ஒட்டியது. மேலே பரப்பிய வண்ணக் கற்கள் ஒரே பாளமாகப் பெயர்ந்து வந்தால் அவையும் ஒட்டியவை, அடியில் ஈரம் காய வழியில்லை. லால்பாக் மலர்க் கண்காட்சி ஜனவரியில் ஒன்றும் ஆகஸ்டில் ஒன்றுமாக நடக்கும். கள்ளி வாங்க ஜனவரிதான் தோது. அதற்குப் பின்னால் நான்கைந்து மாதம் வெயில் இருக்கிறது. ஆகஸ்டில் வாங்கினால் புது இடத்தில் வேர் பிடிக்கும் முன்பே செப்டம்பர், அக்டோபர் மழை வந்துவிடும்.

தொட்டியும் மண்ணும்

மண்தொட்டிதான் வேண்டும், அடியில் ஓட்டையோடு. பீங்கான் கோப்பையும் கண்ணாடிக் கிண்ணமும் படம் எடுக்க மட்டும். இரண்டு மூன்று மடல் உள்ள செடிக்கு 6 அங்குலத் தொட்டி சரி. வளரட்டும் என்று பெரிய தொட்டியில் வைத்தால் வேர் எட்டாத மண்ணில் ஈரம் நாட்கணக்கில் தங்கி அழுகலைக் கொண்டுவரும்.

நர்சரியிலிருந்து வரும் செடி பெரும்பாலும் தேங்காய் நார்த்தூளிலோ கெட்டிச் செம்மண்ணிலோ இருக்கும். நார்த்தூள் நனைந்தால் காய மறுக்கும், முழுக்கக் காய்ந்தால் நனைய மறுக்கும். பெங்களூரு செம்மண்ணில் களி அதிகம், தனியாகப் போட்டால் தொட்டிக்குள் செங்கல்லாக இறுகிவிடும். வாங்கி இரண்டு வாரத்துக்குள் மாற்றி நடுவது நல்லது.

6 அங்குலத் தொட்டிக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் கலவை வேண்டும். 200 மி.லி. டம்ளரால் அளந்துகொள்ளுங்கள்: உடைத்த பழைய செங்கல் துண்டு 3 டம்ளர், எம்-சாண்ட் (கருங்கல்லை உடைத்துச் செய்யும் மணல்) 2, சலித்த செம்மண் 1, மண்புழு உரம் 1. இதோடு ஒரு மேசைக்கரண்டி வேப்பம்புண்ணாக்குத் தூள். செங்கல் துண்டு மிளகு அளவிலிருந்து கொண்டைக்கடலை அளவு வரை இருக்கலாம். அதற்குப் பதில் எடை குறைந்த எரிமலைக் கல் வகைகளான பெர்லைட்டோ பியூமிஸோ கிடைத்தால் அதே அளவு போடுங்கள். பெர்லைட் எடை குறைவு, உயரமான செடியோடு தொட்டி சாய்ந்துவிடும், அதனால் பாதிப் பாதியாகக் கலக்கலாம்.

எம்-சாண்டில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பக்கத்தில் கட்டுமானம் நடக்கும் இடத்தில் கேட்டால் ஒரு பை கொடுப்பார்கள். கான்கிரீட்டுக்குப் போடும் பருமனான மணல்தான் வேண்டும். பூச்சு வேலைக்கு வரும் பி-சாண்ட் மாவுபோல இருக்கும், கலவையைச் சிமென்ட் தரையாக்கிவிடும். பருமனானதிலும் கல்தூசி நிறைய இருக்கும். ரவை சல்லடையில் சலித்து, கீழே விழுவதைத் தள்ளிவிட்டு, மேலே நிற்பதை இரண்டு மூன்று தடவை கழுவிக் காயவைத்துப் பயன்படுத்துங்கள்.

அடியில் கூழாங்கல் அடுக்குவது பழைய பழக்கம், பயன் ஒன்றுமில்லை. தண்ணீர் கல்லுக்கு மேலுள்ள கலவையிலேயே தேங்கும், வேருக்கு இடம்தான் குறையும். ஓட்டையின் மேல் கொசுவலைத் துண்டு ஒன்று போதும். கலவை சரியா என்று பார்க்க, நிரப்பிய தொட்டியில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். சில நொடிகளில் மேற்பரப்பிலிருந்து மறைந்து அடியில் ஒழுக வேண்டும். மேலே குளமாக நின்றால் செங்கல் துண்டு கூட்டுங்கள்.

மடலிலிருந்து புதுச்செடி

இது எளிது, பொறுமை மட்டும் வேண்டும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். முற்றிய, உள்ளங்கை அளவு மடலைத் தேர்ந்தெடுங்கள். நேற்று முளைத்த இளம்மடல் காயும்போதே சுருங்கிவிடும். ஸ்பிரிட்டில் துடைத்த கத்தியால் இரண்டு மடல் சேரும் குறுகலான கணுவில் வெட்டுங்கள். மடலின் நடுவே வெட்டினால் காயம் பெரிதாகும், ஆற நாளாகும். வெட்டிய மடலை வெயில் படாத, காற்று வரும் இடத்தில் நிறுத்தி வையுங்கள். படுக்க வைத்தால் கீழ்ப்பக்கத்திலிருந்து வேர் விட ஆரம்பித்துவிடும். கோடையில் 7 முதல் 10 நாள், மழைக்காலத்தில் இரண்டு மூன்று வாரம். வெட்டுவாய் வெளுத்து, தோல்போல இறுகி, தொட்டால் ஈரமே இல்லை என்றானபின் நடலாம்.

2–3 செ.மீ. ஆழம் போதும். ஆழமாக நட்டால் நிற்கும், ஆனால் அழுகும். சாய்ந்தால் இரு பக்கமும் குச்சி ஊன்றி முட்டுக்கொடுங்கள். தலைகீழாக நட்டுவிடாமல் வெட்டிய பக்கம் கீழே இருக்கட்டும். நட்ட உடன் தண்ணீர் கூடாது. பத்து நாள் கழித்து கால் டம்ளர், பிறகு வாரம் ஒருமுறை அதே அளவு. மூன்று முதல் ஆறு வாரத்தில் வேர் பிடிக்கும். இடுக்கியால் மெல்ல இழுத்தால் எதிர்ப்புத் தெரியும். அதுவரை நேரடி வெயில் வேண்டாம், வெளிச்சம் வேண்டும்.

தண்ணீர்

வாரம் ஒருமுறை என்று நாள் குறித்து ஊற்றாதீர்கள். தொட்டியின் அடிவரை ஒரு மூங்கில் குச்சியைச் செருகிப் பத்து நிமிடம் கழித்து எடுங்கள். குச்சி உலர்ந்து, மண் ஒட்டாமல் வந்தால் ஊற்றலாம். அடிப்பக்கம் கறுத்து ஈரமாக வந்தால் இன்னும் நான்கு நாள் கழித்துப் பார்க்கலாம். மேல்மண் காய்ந்திருப்பது ஒரு பொருட்டே இல்லை. ஊற்றும்போது அரைகுறையாகத் தெளிக்காமல், அடியில் ஒழுகும்வரை ஊற்ற வேண்டும். 6 அங்குலத் தொட்டிக்கு 250–300 மி.லி. ஆகும். தட்டில் இறங்கியதைக் கொட்டிவிடுங்கள்.

ஒரு மதிப்பீட்டுக்கு, கிழக்கு ஜன்னலில் மண்தொட்டியில் நிற்கும் செடிக்கு பிப்ரவரி–மே மாதங்களில் 8–10 நாளுக்கு ஒருமுறையும், ஜூன்–நவம்பரில் 15–20 நாளுக்கு ஒருமுறையும், டிசம்பர், ஜனவரியில் மாதம் ஒருமுறையும் வரும். பிளாஸ்டிக் தொட்டியானால் இடைவெளியை ஒன்றரை மடங்காக்குங்கள். வெளிச்சம் குறைந்த ஜன்னலானாலும் அப்படியே. வெளிச்சம் குறைந்தால் செடி குடிப்பதும் குறையும்.

காவிரித் தண்ணீர் நல்லது. போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம், தொட்டி விளிம்பிலும் மண்மேலும் வெள்ளையாகப் படியும். மழைநீர் பிடித்து வைத்து இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாராளமாக ஊற்றி உப்பைக் கழுவி இறக்குங்கள். ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுவது இங்கே வழக்கம். சிக்கனம் பாராட்டத்தக்கதுதான், ஆனால் அதில் உப்பு முன்பைவிடச் செறிந்திருக்கும். வீடு துடைக்கப் பயன்படுத்துங்கள், கள்ளிக்கு வேண்டாம்.

உரத்தைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. மார்ச்சிலும் ஜூனிலும் ஒரு மேசைக்கரண்டி மண்புழு உரம் போதும். 19:19:19 என்ற நீரில் கரையும் ரசாயன உரம் வைத்திருந்தால் ஒரு லிட்டருக்கு அரை கிராம், கோடையில் மாதம் ஒருமுறை. தழைச்சத்து கூடினால் மடல் சதைத்து மென்மையாகி, பூச்சிக்கு விருந்தாகும்.

சுணைமுள்

கண்ணுக்குத் தெரிகிற முள்ளைவிட, கொத்தாக இருக்கும் இந்தத் தூசிமுள்தான் தொல்லை. ஒவ்வொன்றின் நுனியிலும் பின்னோக்கிய கொக்கிகள் உண்டு, தொட்டவுடன் கழன்று தோலில் ஏறிவிடும். துணிக் கையுறையில் புகுந்து தங்கிவிடுவதால் அது இன்னும் மோசம். மாற்றி நடும்போது செய்தித்தாளை ஏழெட்டு மடிப்பாக மடித்துப் பட்டைபோலச் செடியைச் சுற்றிப் பிடியுங்கள், அல்லது இடுக்கியின் இரண்டு வாயிலும் தெர்மாகோல் துண்டு செருகிக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் அந்தத் தாளைக் குப்பைக்கு அனுப்பிவிடுங்கள்.

பால்கனியில் துணி காயும் கொடிக்குக் கீழே இந்தத் தொட்டியை வைக்கவே கூடாது. துண்டு ஒருமுறை உரசினால் போதும், யார் முகத்திலோ முடியும். தூசி தட்டத் துணி வேண்டாம், மெல்லிய பெயின்ட் பிரஷ் போதும். பளபளப்புக்காக எண்ணெய் தடவுகிறவர்களும் இருக்கிறார்கள். மடலின் மேலுள்ள மெழுகுப் பூச்சு போய்விடும், செய்யாதீர்கள்.

கையில் ஏறினால் தேய்க்காதீர்கள், வாயால் கடித்து எடுக்கவும் கூடாது. கொத்தாக இருப்பதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துப் புருவம் எடுக்கும் ட்வீசரால் பிடுங்குங்கள். மிச்சத்துக்கு ஃபெவிகாலை மெல்லப் பூசி, மேலே ஒற்றை மடிப்புக் காஸ் துணியை அழுத்தி, முழுக்கக் காய்ந்ததும் உரித்தெடுங்கள். கண்ணில் பட்டால் கைவைத்தியம் வேண்டாம், கண் மருத்துவரிடம் போங்கள்.

நோய் எது, இயல்பு எது?

புது மடலில் கூம்புக் கூம்பாகச் சின்ன இலைகள் தோன்றிச் சில வாரத்தில் உதிரும், அது இயல்பு. பழைய அடிமடல் பழுப்பாகி மரப்பட்டைபோல இறுகுவதும் இயல்பு. அதே பழுப்பு மெத்தென்று, நீர்கோத்து, நாற்றத்தோடு இருந்தால் அழுகல். அன்றைக்கே மேலே வெட்ட வேண்டும். வெட்டுமுகத்தில் பழுப்பு வட்டமோ கோடோ தெரிந்தால் கத்தியைத் துடைத்துவிட்டு இன்னும் மேலே வெட்டுங்கள். சுத்தமான இளம்பச்சை வரும்வரை விடக்கூடாது. மிஞ்சியதை இலவங்கப்பட்டைத் தூளோ கந்தகத்தூளோ தொட்டுக் காயவைத்துப் புதிதாக நடலாம். பழைய மண் குப்பைக்குத்தான்.

மடல் சுருங்குவதற்கு இரண்டு காரணம் உண்டு, இரண்டுக்கும் வைத்தியம் நேர் எதிர். மண் காய்ந்து மடல் சுருங்கினால் தாகம். நன்றாக ஊற்றினால் சில நாளில் நிமிரும். மண் ஈரமாக இருக்கும்போதே சுருங்கினால் வேர் செத்துவிட்டது, உறிஞ்ச ஆள் இல்லை. அப்போது தண்ணீர் ஊற்றுவது பிணத்துக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி. பிடுங்கி, கறுத்த வேரை வெட்டி, ஒரு வாரம் காயவைத்து மறுபடி நடுங்கள்.

வெயில் படும் பக்கம் மட்டும் வெளிறிய மஞ்சள் திட்டு வந்து காய்ந்தால் அது வெயில் காயம். உள்ளே நின்ற செடியை ஒரே நாளில் கிரிலுக்கு மாற்றினால் வரும். முதல் நாள் ஒரு மணி நேரம் என்று தொடங்கி இரண்டு வாரத்தில் முழு வெயிலுக்குக் கொண்டுபோங்கள். வந்த தழும்பு மாறாது.

பூச்சிகளில் மாவுப்பூச்சிதான் முதலில் வரும். காது குடையும் பட்ஸை 70 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்துப் பூச்சியின்மேல் தொட்டு எடுங்கள், ஐந்தாறு நாளுக்கு ஒருமுறை, மூன்று தடவை. பரவியிருந்தால் ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 5 மி.லி. வேப்பெண்ணெயும் 2 மி.லி. திரவ சோப்பும் கலக்கி மாலையில் தெளித்து, மறுநாள் வெயில் படாமல் வையுங்கள். செடி காரணமில்லாமல் வளராமல் நின்றுபோனால் தொட்டியிலிருந்து எடுத்து வேரைப் பாருங்கள். சுண்ணாம்புத்தூள்போல ஒட்டியிருந்தால் வேர் மாவுப்பூச்சி. மண்ணை முழுக்கக் கழுவி, காயவைத்து, புதுக் கலவையில் நட வேண்டும்.

வெள்ளைப் பஞ்சைக் குச்சியால் நசுக்கும்போது ரத்தச் சிவப்பாக வழிந்தால் அது மாவுப்பூச்சி இல்லை, கொச்சினீல். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னை சைதாப்பேட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் கள்ளித் தோட்டம் போட்டது இந்த இனப் பூச்சியிடம் சாயம் எடுக்கத்தான். தரிசுகளை மூடிக்கிடந்த கள்ளியைத் தென்னிந்தியாவில் அடக்கியதும் 1926இல் இலங்கையிலிருந்து கொண்டுவந்த ஒரு கொச்சினீல்தான். ஏக்கர் கணக்கில் கள்ளியைத் தின்றதற்கு உங்கள் தொட்டி ஒரு பொழுதுக்குக் காணாது. அந்தச் செடியை உடனே தனியே ஒதுக்கி, பிரஷ்ஷும் தண்ணீரும் கொண்டு பஞ்சை நீக்கி, ஆல்கஹால் தொட்டு வையுங்கள். இரண்டு மூன்று மடலுக்கு மேல் பரவியிருந்தால் சுத்தமான ஒரு மடலை மட்டும் காப்பாற்றிக்கொண்டு மீதியைக் கழித்துவிடுவதே புத்திசாலித்தனம்.

பூ

வீட்டுக்குள் பூப்பது அரிது. செடி சில வருடம் முற்றியிருக்க வேண்டும், டிசம்பர், ஜனவரி இரவுக் குளிரும் வறட்சியும் வேண்டும், அதன்பின் நல்ல வெயில் வேண்டும். 15 டிகிரி சுற்றி இறங்கும் பெங்களூரு குளிர்காலம் இதற்குத் தோதானது. அந்த மாதங்களில் செடியை வெளிக் கிரிலில் வைத்துத் தண்ணீரைக் குறையுங்கள். மொட்டு கட்டியபின் தொட்டியைத் திருப்பவோ இடம் மாற்றவோ கூடாது, உதிர்ந்துவிடும்.

கழித்த மடல்

வெட்டி எறிந்த மடல் மண்ணில் விழுந்தால் வேர்விட்டுவிடும். எனவே காலி சைட்டிலோ ஏரிக்கரையிலோ போடாதீர்கள். ஈரக் குப்பை வாளியில் அப்படியே போட்டால் பௌரகார்மிகரின் (துப்புரவுப் பணியாளரின்) கையில் சுணை ஏறும். நாலைந்து செய்தித்தாளில் இறுகச் சுற்றி, டேப் ஒட்டி, மேலே சிவப்பில் பெரிய பெருக்கல் குறி போட்டு, கொடுக்கும்போது உள்ளே முள் இருக்கிறது என்று வாயாலும் சொல்லிவிடுங்கள்.